திருப்பிக் கொடுக்க வேண்டிய கத்தி

பயப்படாதீங்க தம்பி. குத்தறதுக்கு எடுக்கலை. குறை பார்க்கறதுக்கு எடுத்தேன். அந்தக் கம்பியோட அப்படி ஒட்டிக்கிட்டு உட்கார வேண்டியதில்லை, நல்லா சாய்ஞ்சே உட்காருங்க. பஸ் எவ்வளவு ஆடினாலும் இது தானா விரியாது. அதையும் சோதிச்சுப் பார்த்துட்டேன். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமே.

இதுல ஏதாவது ஒரு குறை இருந்தாகணும். பரமத்தி தாண்டி வேலூர் போய்ச் சேர்றதுக்குள்ள அதை நான் கண்டுபிடிச்சாகணும். கல்யாண மண்டபத்துல நாலு பேர் பார்க்க, இந்தா உன் கத்தின்னு திருப்பிக் கொடுக்கப் போறேன். கொடுக்கும்போது ஒரு காரணம் சொல்ல வேண்டாமா? சும்மா கொடுத்தா, கிழவன் வீம்பு பிடிச்சவன்னு பேசுவாங்க. நான் வீம்புக்காரன் இல்லைங்க. நாச்சிமுத்துன்னு சங்ககிரியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ராக்கியப்பனை மட்டும் கேட்காதீங்க.

ராக்கியப்பன் என் மச்சினன். என் சம்சாரம் பாவாயிக்குக் கூடப் பிறந்த தம்பி. அவன் மகளுக்குத்தான் இன்னைக்குக் கல்யாணம். பதினொரு வருஷமா நான் அவன்கிட்டப் பேசறதில்லை. அவன் பேசுவான். பொங்கலுக்கு வந்து வாசல்ல நின்னு, "மாமா, நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்பான். நான் ஆட்டைப் பார்த்து, "தண்ணி குடிச்சியா"ன்னு கேட்பேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள.

எடுத்துப் பாருங்க. ஐயோ, கையை நீட்டாதீங்க! கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. இந்தா, சீட்டு மேல வைக்கிறேன், நீங்களே எடுத்துக்குங்க. கைக்குக் கை கொடுத்தா, கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வந்துரும். சிரிக்காதீங்க. நீங்க என்ன வேலை? ஏ.சி. மெக்கானிக்கா? சரி, உங்க வேலையில ஸ்க்ரூ டிரைவரைக் கைக்குக் கை வாங்குவீங்க, அதுல ஒண்ணும் வராது. கத்தி அப்படி இல்லை. எனக்கு வந்த சண்டையே அப்படி வந்ததுதான்.

எப்படின்னு சொல்றேன். நானும் அவனும் ஒரே லாரியில ஓடினவங்க. நான் முதல் டிரைவர், அவன் ரெண்டாவது. நான் ஓட்டும்போது அவன் பின்னால படுத்துத் தூங்குவான், அவன் ஓட்டும்போது நான் தூங்குவேன். ஒருத்தன் கையில ஸ்டியரிங்கைக் கொடுத்துட்டுக் கண்ணை மூடறதுன்னா சும்மா இல்லைங்க. பாவாயிகூட என்னை அவ்வளவு நம்பினதில்லை.

ஒரு தடவை நாக்பூர் போயிட்டு ஆரஞ்சு ஏத்திக்கிட்டுத் திரும்பி வர்றோம். மத்தியானம் ரோட்டோரமா வண்டியை நிறுத்திச் சமையல். அவன் வெங்காயம் நறுக்கறான். நான் அந்த நேரத்துல தார்ப்பாய்க் கயிறு ஒண்ணு முறுக்கிக்கிட்டுக் கிடக்குதுன்னு பார்த்து, "கத்தியைக் குடுடா மாப்ள"ன்னேன். எடுத்து நீட்டினான். அப்படியே என் கையில. நான் வாங்கிட்டேன். பசி நேரம், கீழ வைடான்னு சொல்லத் தோணலை. அவனுக்காவது தெரிய வேண்டாமா? அவங்கம்மா அரிவாள்மணையைக்கூடத் தரையில தள்ளித்தான் விடும்.

அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுது. நான் ஓட்டிக்கிட்டு வர்றேன். கரும்பு ஏத்தின டிராக்டர் ஒண்ணு ஓரமா நிக்குது. பின்னால லைட்டு இல்லை. லேசா உரசிட்டேன். இவன் எந்திரிச்சு, "லைட்டு எரியுதே மாமா"ங்கறான். எரியலைங்க. நான் பார்த்தேனே, எரியவே இல்லை. மறுநாள் ஒரு பாலத்துக் கட்டை. அது அவங்க சரியா வெள்ளையடிக்காத குத்தம். அப்புறம் ஒரு எருமை. எருமை கறுப்பா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?

ஊர் வந்து சேர்ந்தோம். லாரிப் பட்டறை முன்னால எல்லா டிரைவர்களும் டீ குடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. முதலாளியும் நிக்கறார். இவன் நேராப் போய், "மாமாவுக்குக் கண்ணு சரியில்லைங்க. இனி அவர் கையில வண்டி குடுக்காதீங்க"ன்னான். எல்லார் முன்னாலயும். நான் அங்கேயே நிக்கறேன், கையில டீ கிளாஸ். முதலாளி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மறுநாள்ல இருந்து எனக்கு ஷெட்டுல டயர் பார்த்துக்கற வேலை.

வடக்கே எந்த ஊருக்கு எந்த ரோடுன்னு சொல்ற மனுஷன், பழைய டயருக்குக் காவல்.

அடுத்த வருஷம் கண் முகாம்ல எனக்குப் புரை எடுத்தாங்க. ரெண்டு கண்ணுலயும். கட்டுப் பிரிச்சுட்டு வீட்டுக்கு வந்தா சுவரெல்லாம் பச்சையா இருக்கு. அதுவரைக்கும் நீலம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். யார்ரா நம்ம வீட்டுக்குப் பெயிண்டை மாத்தினதுன்னு பாவாயிகிட்டச் சண்டை பிடிச்சேன். ஆனா அது வேற விஷயம். புரை பின்னால வந்தது. சண்டை கத்தியால வந்தது. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இப்போ கல்யாணத்துக்கு வருவோம். போன மாசம் பத்திரிகை வைக்க அவனும் அவன் சம்சாரமும் வந்தாங்க. தட்டு, வெத்தலை, தேங்காய், பூ எல்லாம் முறைப்படி. ஜன்னல் வழியாப் பார்த்துட்டு நான் உள்ளே கட்டில்ல போய்ப் படுத்துட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன். நம்பணுமேன்னு கொஞ்சம் குறட்டையும் விட்டேன்.

வெளியே இருந்து அவன் குரல் கேட்குது. "மாமா எப்ப அக்கா குறட்டை விட ஆரம்பிச்சாரு? வண்டியில ஒரு நாளும் விட்டதில்லையே."

பாவாயி, "அது உன்னையக் கண்டா மட்டும் வரும்"னா.

ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நான் நிறுத்தவும் முடியாம, விடவும் முடியாம, மெதுவாக் குறைச்சுக்கிட்டே வந்தேன்.

அவன் சிரிப்பு அடங்கினதும் சொன்னான், "அக்கா, இது மாமாவுக்கு. சதாசிவம் கப்பல்ல இருந்து எனக்குன்னு வாங்கிட்டு வந்தான். நான் வச்சு என்ன பண்றது? மாமா வச்சிக்கட்டும். கையில குடுக்கலை. இதோ கீழ வைக்கறேன், அவரா எடுத்துக்கட்டும்." சதாசிவம் அவனோட மூத்த பையன், கப்பல்ல சமையல் வேலை. நிலைப்படிக்கிட்ட டொக்குன்னு ஒரு சத்தம். போயிட்டாங்க.

நான் எடுக்கலை. அன்னைக்குப் பூரா அது அங்கேயே கிடந்துச்சு. பாவாயி அதைச் சுத்தியே கூட்டினா. மறுநாள், மழை வர்ற மாதிரி இருந்ததால உள்ளே எடுத்து வச்சேன். மழை வரலைங்கறது வேற.

கத்தி வந்த பெட்டி மேல ஒரு படம். பட்டாளத்துக்காரன் ஒருத்தன் பாறை மேல நின்னுக்கிட்டு எங்கேயோ தூரமாப் பார்க்கறான். உள்ளே இந்தக் கத்தி, இந்த உறை. மடக்கினா உள்ளங்கைக்குள்ள அடங்குது, ஆனா கனத்தைப் பாருங்க, சாத்துக்குடி மாதிரி. அலகு எவ்வளவு தடிமன் பார்த்தீங்களா? நம்ம ஊர் பேனாக் கத்தி நாலை ஒட்டி வச்சாலும் இந்தத் தடிமன் வராது. பளபளப்பு இல்லை, சாம்பல் நிறம். பிடியில கோடு கோடாச் செதுக்கியிருக்கு, வேர்த்த கையில வழுக்காது. எண்ணெய்க் கையில வழுக்குமான்னு விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தேன். வழுக்கலை.

ஏன் தடவிப் பார்த்தேன்னா, பாவாயி அப்படி ஒரு கண்டிஷன் போட்டா. தம்பி வீட்டுக் கல்யாண வேலைக்குன்னு போன வாரமே கிளம்பிட்டா. பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா, "ஏனுங்க, நல்லாக் கேட்டுக்குங்க. அந்தக் கத்திய வச்சிக்கறதுன்னா கல்யாணத்துக்கு வாங்க, வந்து என்ற தம்பிகிட்ட மனுசனாட்டம் பேசுங்க. வேண்டாம்னா கொண்டாந்து அவன் மூஞ்சிக்கு நேரா திருப்பிக் குடுத்துருங்க. அத்தோட முடிஞ்சுது, நானும் உங்களைக் கேக்கமாட்டேன், அவனும் நம்ம வாசல் மிதிக்க மாட்டான். கத்தியையும் ஒளிச்சு வச்சிக்கிட்டு வீம்பையும் வச்சிக்கிட்டு உக்காந்திருக்கற வேலை மட்டும் ஆகாது."

இத்தனை வருஷத்துல அவ என்னை மிரட்டினதே இல்லைங்க. திட்டுவா, அது வேற. இது அமைதியாச் சொன்னா.

சரி, திருப்பித்தான் கொடுப்போம்னு முடிவு பண்ணினேன். நியாயமா, குறையோட கொடுப்போம்னு சோதனையை ஆரம்பிச்சேன்.

முதல்ல கயிறு. லாரியில கட்டற நைலான் கயிறு, கட்டை விரல் தடிமன். இது பாட்டுக்கு வெண்ணெய் மாதிரிப் போகுது. சரின்னு பழைய டயரை எடுத்துப் பக்கவாட்டுல பட்டை பட்டையா அறுத்தேன். அறுத்துது. அந்தப் பட்டையை வச்சு ஆட்டுக் கொட்டாய்க் கதவுக்குக் கீல் அடிச்சுட்டேன், நல்லா இருக்கு. அப்புறம் தேங்காய். அலகைத் தேங்காய்க் கண்ணுக்கு மேல வச்சு முதுகுல ஒரு கட்டையால போட்டேன், ரெண்டாப் பிளந்துச்சு. அலகு அசையலை. அடுத்து எலுமிச்சம் பழத்தை அறுத்து, பாதிப் பழத்துக்குள்ளேயே செருகி விடிய விடிய விட்டு வச்சேன். துரு பிடிக்கும்னு பார்த்தேன். காலையில கழுவினா ஒரு கறைகூட இல்லை. எனக்குத்தான் வீட்டுல எலுமிச்சம் பழம் இல்லாமப் போச்சு.

வெங்காயம் நறுக்கினேன் பாருங்க, அங்கே மாட்டிக்கிச்சு! நறுக்கலை, பிளக்குது. அலகு தடிமன் இல்லையா, பாதி இறங்கினதுமே வெங்காயம் படக்குன்னு ரெண்டா விட்டுப் போகுது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வீட்டு தெய்வானைகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன், "வெங்காயம் நறுக்கத் தெரியலைம்மா இதுக்கு"ன்னு.

அந்தப் பொம்பளை கத்தியைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. "ஏனுங்கண்ணா, வெங்காயம் நறுக்க இத்தாச்சோட்டுப் பெரிய கத்திய யாருங்க எடுப்பாங்க? கடப்பாரையில பல்லு குத்தற மாதிரியில்ல இருக்குது."

மண்டபத்துல அப்படி எவனாவது கேட்டுட்டா என்ன பதில் சொல்றது? அதனால வெங்காயத்தைக் கணக்குல சேர்க்கலை.

பூட்டுதான் மடக்குக் கத்திக்கு உயிர். விரிச்சா, உள்ளே ஒரு பட்டை வந்து அலகுக்கு முட்டுக் கொடுக்கும். அது லேசா இருந்தா, அழுத்தும்போது மடங்கி நம்ம விரலையே வாங்கிடும். அதனால கையை எட்ட வச்சுக்கிட்டு, அலகோட முதுகைக் கல்லுல அடிச்சேன். மடங்கலை. ஓங்கி அடிச்சேன். கல்லு தெறிச்சுது. ஒரு துணியைச் சுத்திக் கொறட்டுல பிடிச்சு முறுக்கினேன். பிடிச்ச பிடி.

இன்னொண்ணு சொல்லணும். நான் ஒரட்டாங்கைக்காரன். இடது கைப் பழக்கம். கத்தரிக்கோல் எனக்கு வெட்டாது, ஷெட்டுல இருந்த தகரம் வெட்டற கத்திரியும் வெட்டாது, எல்லாமே சோத்துக் கைக்காரனுக்குச் செஞ்சது. இந்தக் கத்தி மட்டும் என் இடது கைக்கு லட்டு மாதிரி திறக்குது. பாருங்க, இந்தக் குமிழ்ல கட்டை விரலை வச்சு ஒரு தள்ளு. டக்! ஒரு கையிலேயே ஆச்சு. பின்னால சட்டைப் பையில மாட்டற கொக்கியும் எனக்குத் தோதான பக்கத்துல இருக்கு. கம்பெனிக்காரன் யோசிச்சுச் செஞ்சிருக்கான். எவனோ ஊர் பேர் தெரியாதவன் என்னை நினைச்சுச் செஞ்சிருக்கான், கூட இருந்தவன் என்ன செஞ்சான் பாருங்க.

டீக்கடை அத்தப்பன் கடை முன்னாலதான் இந்தச் சோதனையெல்லாம். ஒரு கூட்டமே சேரும். கரும்பு கொண்டு வருவாங்க, பிளாஸ்டிக் பைப்பு கொண்டு வருவாங்க, "இதை அறுக்குமா, அதை அறுக்குமா"ன்னு. நான் அறுத்துக் காட்டுவேன். நாலாவது நாள் அத்தப்பன் டீயை வச்சுட்டுக் கேட்டான், "நாச்சியண்ணா, இதைத் திருப்பிக் குடுக்கப் போறீங்களா, இல்ல கட்டிக்கப் போறீங்களா? அண்ணி வந்தா நாங்க என்ன சொல்றது?"

"டேய், குறை பார்க்கறேன்டா."

"பொண்ணு பார்க்கறவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டானுங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். அத்தப்பன் மகன் கல்யாணத்துல எனக்குப் பாயசம் வைக்காம விட்டவங்க அவங்க. நான் மறக்கலை.

அலகுல குறை இல்லைன்னா உறையில இருக்கும்னு உறைக்கு வந்தேன். இதோ. பள்ளிக்கூடப் பை தைக்கற துணி மாதிரி கெட்டித் துணி, உள்ளே அட்டை மாதிரி ஒண்ணு வச்சுத் தைச்சிருக்கு. மூடிக்கு அமுக்குப் பட்டன். டப்புன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அதைக் கேட்கவே நாலு தடவை மூடுவேன். பின்னால பெல்ட்டு நுழைக்கற வளையம், ரெட்டைத் தையல். தலைகீழா வேப்ப மரத்துல கட்டித் தொங்க விட்டு உலுக்கினேன். கத்தி விழலை, வேப்பம் பழம்தான் விழுந்துச்சு. தண்ணித் தொட்டியில போட்டு எடுத்தேன். உறை காய அரை நாள் ஆச்சு. இது ஒரு குறையான்னு யோசிச்சேன். வேட்டி காயவே அரை நாள் ஆகுதே, துணின்னா அப்படித்தான்.

வேட்டிக்கு இந்த உறை சரிப்படாதுன்னு சொல்லலாம்னு பார்த்தேன். நான் பச்சை பெல்ட்டு போடறவன், அகலப் பட்டை. அதுல நுழையாதுன்னு நம்பினேன். அளவெடுத்துத் தைச்ச மாதிரி நுழைஞ்சுது. இடுப்புல மாட்டிக்கிட்டுத் தெருவுல ஒரு நடை நடந்தேன். நடக்கும்போது தொடையில இடிக்கலை. உட்கார்ந்தா குத்தலை. குனிஞ்சா மேல ஏறலை. நாலைஞ்சு தடவை நடந்து பார்த்தேன், சோதனைக்குத்தான். தெய்வானை வாசல்ல நின்னு, "அண்ணா, எந்தப் பாறைக்குப் போறீங்க"ன்னு கேட்டுச்சு. பெட்டியில இருக்கற படத்தை அது பார்த்திருக்கு.

இன்னைக்குக் காலையிலயும் அப்படியே மாட்டிக்கிட்டுத்தான் கிளம்பினேன். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுல ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டார்.

"பெரியவரே, இடுப்புல என்ன?"

"கத்திங்க."

"கத்தியா? எங்கே போறீங்க?"

"மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குங்க."

அவர் முகம் மாறிப் போச்சு. "கல்யாணத்துக்குக் கத்தி எதுக்கு?"

"அவனுக்குக் கொடுக்கறதுக்குங்க."

நான் உள்ளதைத்தான் சொன்னேன். அவர் என்னை ஓரமாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் ஆரம்பத்துல இருந்து சொல்ல வேண்டியதாப் போச்சு, நாக்பூர், வெங்காயம், எருமை எல்லாம். பாதியிலேயே அவர் வாயைப் பொத்திக்கிட்டார். அப்புறம் நான் கீழ வச்ச கத்தியை எடுத்து விரிச்சார், மடக்கினார். மறுபடி விரிச்சார். பாவம், அவருக்கு என்னை மாதிரி டக்குன்னு வரலை, ரெண்டு கையும் போட்டுத் திறந்தார். "நல்ல சாமான் பெரியவரே, இதையா திருப்பித் தர்றீங்க? பையில போட்டு அடியில வைங்க, இடுப்புல மாட்டாதீங்க. பஸ்ஸுல எடுக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பினார். உங்ககிட்டக் காட்டறதுக்குத்தான் எடுத்தேன். இந்தா, மடக்கிட்டேன்.

இதுல என்ன தம்பி எனக்குத் தொந்தரவுன்னா, அவனுக்கு இந்தக் கத்தி மேல ஆசை இருந்திருக்கும். ரெண்டாவது டிரைவரா இருந்தப்போவே எந்த ஊர்ச் சந்தையில நிறுத்தினாலும் கத்திக் கடை முன்னால போய் நிப்பான். வாங்க மாட்டான், எடுத்து எடுத்து வைப்பான். அப்படிப்பட்டவன் மகன் ஆசையா வாங்கிட்டு வந்ததை என் வாசல்ல வச்சுட்டுப் போறான்னா, அதுல ஏதோ சூது இருக்கணும். நல்லதா இருந்தா அவனே வச்சிருப்பான் இல்லையா? அதனால குறை இருக்கு. இருந்தே ஆகணும்.

பரமத்தி வந்துருச்சா? கொஞ்சம் தள்ளிக்குங்க, வெயில் இந்தப் பக்கம் விழுது. கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

இருங்க. இருங்க. இது என்ன?

பாருங்க தம்பி! இந்தப் பக்கம் குமிழ் இருக்கு. அந்தப் பக்கம் பாருங்க, அலகுல ஓட்டை மட்டும் இருக்கு. சாமானே இல்லை! ஒரு குமிழ் குறையுது! கொக்கியையும் பாருங்க, அந்தப் பக்கம் ரெண்டு காலி ஓட்டை. ஸ்க்ரூத் தலையெல்லாம் கீறல். எவனோ கழட்டியிருக்கான். அட அட அட! பழைய சாமான்! எவனோ வச்சுத் தேய்ச்சு, உருப்படியைக் கழட்டி வித்துட்டு, மிச்சத்தை என் தலையில கட்டிட்டானுங்க. நான் சொல்லலை? ஒரு வாரமா கயிறையும் டயரையும் அறுத்துக்கிட்டு இருந்தேன், குறை கண்ணு முன்னாலேயே இருந்திருக்கு. மண்டபத்துல மைக்கே தேவையில்லை. "பழைய கத்தியை வச்சு ஏமாத்தினியாடா"ன்னு ஒரே கேள்வி. அத்தோட எழுந்திருக்க மாட்டான்.

என்னங்க? வைக்கிறேன், எடுத்துப் பாருங்க. நல்லாப் பாருங்க, உங்களுக்குத்தான் ஸ்க்ரூ பழக்கமாச்சே.

என்ன சொல்றீங்க?

குறையலையா? ஒரே குமிழ்தானா? வரும்போது அந்தப் பக்கம்தான் இருந்திருக்குமா? அதைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டியிருக்கா? கொக்கியும் அப்படியேவா?

எதுக்கு அப்படி மாத்தணும்? சோத்துக் கைக்காரனுக்கு அந்தப் பக்கம் இருந்தாத்தானே தோது?

ஓ.

அப்போ கம்பெனிக்காரன் செய்யலையா இதை?

சதாசிவம் மாத்தியிருப்பானோ. இல்லை, அவனுக்குத் தெரியாது. நான் எந்தக் கையில சோறு திங்கறேன், எந்தக் கையில கயிறு அறுக்கறேன்னு கப்பல்ல இருக்கற பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் என்னைப் பார்த்தே பத்து வருஷம் ஆச்சு. இது பக்கத்துலேயே உட்கார்ந்து வந்தவனுக்குத்தான் தெரியும்.

உட்கார்ந்து கழட்டியிருக்கான். கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் கழட்டியிருப்பான், அவனுக்கும் வயசு ஆச்சு இல்லையா.

இந்த ஸ்க்ரூவைப் பாருங்க தம்பி. கடுகு மாதிரி ஸ்க்ரூ. இதுக்குப் போய்ப் பெரிய டிரைவரை வச்சுத் திருகியிருக்கான். நாலு தடவை வழுக்கியிருக்கு, பாருங்க கோட்டை. வண்டியிலயும் இதே வேலைதான் அவனுக்கு. டேஷ்போர்டு ஸ்க்ரூ ஒண்ணு விடாமத் தலையைத் தேய்ச்சு வச்சிருந்தான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், சின்ன ஸ்க்ரூவுக்குச் சின்ன டிரைவர் எடுடான்னு. கேட்க மாட்டான். நல்ல கத்தியை இப்படிக் கீறி வச்சிருக்கானே, இதைக் கேட்காம விடலாமா? நீங்களே சொல்லுங்க, இது குறையா இல்லையா?

குறைதான். ஆனா இது கத்தியோட குறை இல்லையே. அவனோட குறை. அதுக்கு எப்படிக் கத்தியைத் திருப்பிக் கொடுக்கறது? கத்தி என்ன பண்ணுச்சு?

நீங்க சிரிக்கறீங்க. நான் நியாயம் பேசறேன்.

கண்டக்டர்! மண்டபம் ஸ்டாப்புல நிறுத்துங்க! அதோ வாழை மரம் கட்டியிருக்கு பாருங்க. வாசல்ல எல்லாரையும் கும்பிட்டுக்கிட்டு நிக்கறானே, வெள்ளைச் சட்டை, அதுதான் ராக்கியப்பன். அடப்பாவி, முடியெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சே. பொங்கலுக்குக்கூட நான் சரியாப் பார்க்கலை. பக்கத்துல பாவாயி நிக்கறா. பஸ்ஸைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கறா. இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா எனக்குத் தெரியும், கோபமா இருக்கான்னு அர்த்தம். இல்லை, பயமாவும் இருக்கலாம்.

அந்தப் பையைப் பிடிங்க தம்பி, உறையை மாட்டிக்கறேன். போலீஸ்காரர் சொன்னது பஸ் ஸ்டாண்டுக்கு. இது சொந்தக்காரங்க வீடு.

நீங்களும் எறங்குங்க. என்ன யோசனை? ஏ.சி.யை ஒரு மணி நேரம் கழிச்சு ரிப்பேர் பார்த்துக்கலாம். முகூர்த்தம் பார்த்துட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போலாம். கூப்பிட எனக்கு உரிமை இல்லையா? பொண்ணுக்குச் சொந்த மாமன் நான், அதோட சொந்த அத்தை புருஷன். பந்தியில யாராவது யார்னு கேட்டா, நாச்சிமுத்து கூட்டிட்டு வந்தார்னு சொல்லுங்க, இலை போடுவாங்க. நீங்க போய் நல்ல இடமாப் பார்த்து எனக்கும் ஒரு இலை பிடிச்சு வைங்க. நான் அந்த ஸ்க்ரூ விஷயத்தை மட்டும் அவன்கிட்டப் பேசிட்டு வந்துடறேன். கொஞ்சம் நேரமாகும். பேச வேண்டியது நிறைய இருக்கு.